ஆரல்வாய்மொழியில் ஒரு ஃபேன் விளம்பரம்

கனகபாயின் கோழிக்கூட்டுக்கு
இத்தனை வருஷம் கூரையாக இருந்தவள்
இன்று என் பட்டறை மேசையில்
மல்லாந்து கிடக்கிறாள்.
"நல்ல கனத்த தகரம் பிள்ளே,
மோட்டருக்கு மூடி வெட்ட ஆவுமான்னு பாரு."

எச்சத்தை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தேன்.
முதலில் ஒரு கொண்டை ஊசி வந்தது.
அப்புறம் காது, ஒற்றைக்கல் கம்மல்,
யாரையும் பார்க்காத இரண்டு கண்கள்.
கடைசியாக
முழங்கைக்குப் பக்கத்தில் ஒரு மேசை ஃபேன்.

காற்றுக்கு விளம்பரம்,
அதுவும் இந்த ஊரில்!
ஆடியில் கணவாய் திறந்தால்
காயப்போட்ட போர்வையைக்
காவல்கிணற்றில் போய்த்தான் பொறுக்க வேண்டும்.
இங்கே இதை ஆணியடித்தவன்
ஒன்று வெளியூர்க்காரன்,
இல்லையென்றால் பெரிய விசுவாசி.

இருபது வருஷமாகக் காயில் சுற்றுகிறேன்.
படத்தையும் பழுது பார்க்கத்தான் எனக்கு வரும்.
வயர் மேசைக்குப் பின்னால் போகிறது,
சுவரில் ஏறுகிறது,
ஒரு பூவேலைப்பாட்டுக்குள் நுழைந்து
அப்படியே தீர்ந்துவிடுகிறது. பிளக் இல்லை.
இறக்கை மூன்றும் மூன்று திசையில் வளைந்திருக்கின்றன.
சுற்றினால்
காற்று தன்னோடு தானே சண்டை போடும்.
ரெகுலேட்டரில் அவள் விரல்
பட்டும் படாமலும்,
அடுத்த வீட்டுப் பூனையைத் தடவுகிற மாதிரி.
நகத்தில் கிரீஸ் இல்லை.
புறங்கையில் சால்டரிங் சுட்ட தழும்பில்லை.

முடி பறக்கிறது.
முந்தானை பறக்கவில்லை.
அதே காற்று, அதே தோள்,
நடுவில் நாலு விரல் தூரம்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
"வரஞ்சவன் கழுத்துக்கு மேலே மட்டும்
கனெக்‌ஷன் குடுத்திருக்கான் அக்கா."

கனகபாய் சிரிக்கவில்லை.
கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்தாள்.
"இந்தப் பக்கத்து ஆளாத்தான் இருப்பான்.
எங்க வம்சத்துல ஒருத்திக்க தோள்சீலைய
சந்தையில வச்சு கிழிச்சானுவ.
அதுக்குப் பொறவு
அத யாரு பிள்ளே காத்துல விடுவா?"

என் துணி தகரத்தில் அப்படியே நின்றது.
தடவிப் பார்த்தேன்.
முகத்துக்கு ஒரு பூச்சு,
ஃபேனுக்கு ஒரு பூச்சு,
அந்த முந்தானைக்கு மட்டும் மூன்று.

கீழே 'குளிர்ந்த காற்று' என்று தமிழ்.
உரிந்த இடத்தில்
வட்ட வட்டமாக மலையாளம் எட்டிப் பார்க்கிறது.
ஐம்பத்தாறில் எல்லை மாறியபோது
புதுத் தகரத்துக்குக் காசு பார்த்து
பழையதின் மேலேயே எழுதச் சொல்லியிருப்பார்கள்.
ஒரு தூரிகை, ஒரு ராத்திரி,
அவள் வேறு மாநிலம்.
அவளிடம் யாராவது சொன்னார்களா தெரியவில்லை.
முகம் அதே முகம்.
காற்று இரண்டிலும் காற்றுதான்.

படம் எடுத்துப் போட்ட அரைமணியில்
எர்ணாகுளத்திலிருந்து அழைப்பு:
காபிக் கடைச் சுவருக்கு வேண்டுமாம்,
ஆறாயிரம்.
"துருவைத் தொட்டுடாதீங்க,
அதுக்குத்தான் காசு."

கனகபாய் விரல்விட்டு எண்ணினாள்.
கூட்டுக்கு ஷீட்டு,
பேரம் படிந்தால் ஒரு இன்டக்‌ஷன் அடுப்பு.
"குடுத்திரு பிள்ளே.
கோழிக்குக் கீழ கெடந்தவ
காப்பிக்கு மேல இருக்கட்டும்."

கரண்ட் போயிருந்தது.
வெளியே மலையடி நெடுக
அத்தனை காற்றாலையும் சுற்றிக்கொண்டிருந்தன,
யாருக்கோ.
தகரத்தை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன்.
காற்று வந்து அறைந்தது.

அப்போதுதான் பார்த்தேன்,
மூன்று பூச்சும் சேர்ந்து பெயர்ந்த ஒரு செதில்
முந்தானை ஓரத்தில்
படபடவென்று ஆடிக்கொண்டிருந்தது.

கொஞ்சம் நேரம் விட்டுவைத்தேன்.
பிறகு காயிலுக்குப் பூசுகிற வார்னிஷில்
ஒரு சொட்டு தொட்டு
கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தேன்.

அவள் கேட்கவில்லை.
நான் செய்தது சரியா என்றும் தெரியவில்லை.

"எக்கா, எனக்க பம்ப்செட் ஆயிட்டா?"
ரோட்டிலிருந்து யாரோ கத்தினார்கள்.
கையை எடுக்க முடியாது,
இன்னும் ஒட்டவில்லை.